எரிமலைச் சரிவில் முதலில் முளைப்பது எது, எதைத் தின்று வளர்கிறது?

கேள்வி இது: எரிமலைச் சரிவில் வளரும் செடிகள் நெருப்பைத் தாங்கும் தனி வகைகளா? எரிமலை மண் வளமானது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அப்படியானால் குழம்பு ஆறியதும் அங்கே காடு வந்துவிடுமா? கூடவே ஒரு சின்னக் கேள்வியும் உண்டு: நர்சரிகளில் விற்கும் எரிமலைக் கல்லை மாடித் தோட்டத்துத் தொட்டியில் போட்டால் உரச் செலவு மிச்சமாகுமா?

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். 1,100 டிகிரி சூட்டில் வரும் பாறைக் குழம்பைத் தாங்கும் செடி உலகத்தில் எங்கேயும் கிடையாது. குழம்பு தொட்டால் எந்த மரமும் எரிந்துதான் போகும். எரிமலைச் செடிகளின் கெட்டிக்காரத்தனம் எல்லாம் அதற்கு அப்புறம் வரும் நாட்களுக்கானது. ஆறிய பாறையில் மண் இருக்காது, நிழல் இருக்காது, பெய்த மழை நிற்காது. எல்லாவற்றுக்கும் மேலே, தழைச்சத்து இருக்காது. அந்தப் பட்டினியைத் தாங்கத் தெரிந்தவைதான் அங்கே குடியேறுகின்றன.

இந்தத் தழைச்சத்து விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் "எரிமலை மண் வளமானது" என்ற பாடத்தில் இது விட்டுப்போகிறது. பயிருக்கு முக்கியமாகத் தேவை தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) என்று மூன்று சத்து. எரிமலைப் பாறையில் மணிச்சத்து இருக்கிறது, சாம்பல் சத்து இருக்கிறது, சுண்ணாம்பு, மக்னீசியம், இரும்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவை பாறைக்குள் பூட்டிக் கிடக்கின்றன. மழையும் வேரும் பாறையை அரித்து அரித்துத்தான் அவற்றை வெளியே எடுக்க வேண்டும். தழைச்சத்து மட்டும் அந்தப் பெட்டிக்குள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அது காற்றில்தான் இருக்கிறது. காற்றிலிருந்து அதைப் பிடித்துத் தரையில் சேர்க்க நுண்ணுயிர் வேண்டும், அல்லது மின்னலும் மழையும் கொண்டுவரும் துளித்துளிக்காக வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சாம்பலையும் பாறையையும் பிரித்துப் பார்க்கவும் வேண்டும். ஏற்கெனவே மண் இருக்கும் வயலில் மெல்லியதாக எரிமலைச் சாம்பல் படிந்தால், அது சீக்கிரம் சிதைந்து நிலத்துக்கு உரமாகும். ஜாவாவின் நெல் வயல்களுக்கு இப்படித்தான் பேர் வந்தது. குழம்பு ஓடி இறுகிய பாறை அப்படியல்ல. அது நிலமாக நூற்றாண்டுகள், சில இடங்களில் ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆகும். மகாராஷ்டிராவின் கரிசல் மண் எரிமலைப் பாறையில் பிறந்ததுதான், ஆனால் அந்தப் பாறை வந்தது சுமார் 6.6 கோடி வருஷங்களுக்கு முன்னால். (நம் கோவில்பட்டிக் கரிசலையும் பலர் இதோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அங்கே அடியில் இருப்பது வேறு பாறை, எரிமலைப் பாறை கிடையாது.)

சரி, ஆறிய பாறை எப்படிக் காடாகிறது என்பதைப் பார்க்க ஹவாய்த் தீவுகளை விட நல்ல இடம் இல்லை. பெரிய தீவில் கிலாவேயா என்ற எரிமலை இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் பக்கத்திலேயே கிலாவேயா இக்கி, அதாவது சின்னக் கிலாவேயா என்று ஒரு பள்ளம். 1959 நவம்பரில் அதன் சுவரில் பிளவு விட்டு, குழம்பு 580 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. ஐந்து வாரத்தில் பள்ளத்தின் அடி முழுக்கக் குழம்பு ஏரியாகி, மேலே ஓடு கட்டி இறுகியது. இப்போது அந்த ஓட்டின் மேலேயே நடந்து போகலாம்.

நான் அங்கே நடந்திருக்கிறேன். மேலே விளிம்பில் பெரணிகளும் மரங்களும் அடர்ந்த ஈரக் காடு. இறங்க இறங்க மரங்கள் குறைந்து, கடைசியில் கருந்தரை. தார் ரோடு வெயிலில் வெடித்து மேடு மேடாகக் கிளம்பியது போல இருக்கும். தூறல் விழுந்தால் வெடிப்புகளிலிருந்து ஆவி கிளம்பும், அடியில் இன்னும் அவ்வளவு சூடு. அந்தக் கருந்தரையில் பச்சை எங்கே இருக்கிறது என்று பார்த்தால், வெடிப்புகளில் மட்டும். யாரோ கோலப்பொடியால் இழுத்தது போல வரிசை வரிசையாகச் செடிகள், இடையில் ஒன்றுமில்லை. குனிந்து ஒரு வெடிப்பைப் பார்த்தேன். உள்ளே விரல் நுழையும் அளவு இடம். அதில் காற்று கொண்டுவந்த தூசி, இரண்டு மூன்று காய்ந்த இலை, கொஞ்சம் ஈரம். மேல்தளம் வெயிலில் கொதிக்கும்போதும் உள்ளே நிழல். அந்த ஒரு பிடி தூசியில் முழங்கால் உயர மரம் ஒன்று நின்றது. மரம்தான், செடியல்ல, தண்டு முறுக்கி இறுகிப்போயிருந்தது, நுனியில் சிவப்புக் குஞ்சம் போல ஒரே ஒரு பூ.

அந்த மரம்தான் ஓஹியா லெஹுவா. அதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அதற்கும் முன்பே வந்தவர்களைச் சொல்லிவிட வேண்டும்.

பாறை ஆறிய சில மாதங்களிலேயே, ஒரு பச்சை இலைகூட வருவதற்கு முன்னால், அங்கே ஒரு சிள்வண்டு வந்துவிடும். ஹவாயில் மட்டுமே வாழும் இறக்கையில்லாத பூச்சி அது. செடி இல்லாத இடத்தில் எதைத் தின்கிறது? காற்று அடித்துக்கொண்டு வரும் செத்த பூச்சிகள், இலைத்துண்டுகள், இவற்றைத்தான். பகலில் வெடிப்புக்குள் ஒளிந்துகொண்டு இரவில் வெளியே வரும். செடிக்கு முன்பே மிருகம் வருவது தலைகீழாகத் தோன்றும். ஆனால் காற்று எவ்வளவு சாப்பாடு சுமந்து வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. அதே காற்றுதான் செடிகளுக்கும் முதல் தீனியைக் கொண்டுவருகிறது.

அடுத்தது லைக்கன். செட்டிநாட்டு மசாலாவில் கல்பாசி போடுகிறோமே, அது ஒரு லைக்கன்தான்: பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உடலாக வாழும் கூட்டுக் குடித்தனம். ஹவாயின் புதுப் பாறையில் வருவது ஸ்டீரியோகோலான் என்ற வகை, சாம்பல் நிறத்தில் குட்டிப் பவளக் கொத்து போல இருக்கும். ஈரமான பக்கங்களில் சில வருஷத்திலேயே கருப்புப் பாறை முழுக்க நரை விழுந்தது போல ஆகிவிடும். இந்த லைக்கனுக்குள் நீலப்பச்சைப் பாசியும் குடியிருக்கிறது. அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும். ஆக, அந்த நிலத்தின் முதல் உரக்கடை இதுதான். கூடவே பாசிகள், பிறகு பெரணிகள் வரும். பெரணியின் வித்து தூளினும் தூள், எந்தக் காற்றிலும் ஏறிப் போகும். அமாவு என்ற பெரணியின் இளந்தழை செக்கச்செவேல் என்று வரும், கருப்புப் பாறையில் தூரத்திலேயே தெரியும்.

இப்போது ஓஹியா. நாவல், கொய்யா, கிராம்பு, யூகலிப்டஸ் எல்லாம் ஒரே குடும்பம், ஓஹியாவும் அந்தக் குடும்பம்தான். பூவின் சிவப்பு இழைகளைப் பார்த்தால் நாவல் பூவின் சாயல் தெரியும். ஹவாயின் சொந்தக் காடுகளில் பெரும்பகுதி இந்த ஒரே மரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் வரை, சதுப்பில் கணுக்கால் உயரத்திலும், நல்ல நிலத்தில் 20 மீட்டரைத் தாண்டியும் வளரும். அதன் அறிவியல் பெயரிலேயே "பல உருவம் கொண்டது" என்ற பொருள் இருக்கிறது.

இந்த மரம் புதுப் பாறைக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதை விதையிலிருந்து ஆரம்பிக்கலாம். காய்ந்த காயை உள்ளங்கையில் தட்டினால் விதை கொட்டும். விதை என்றே தோன்றாது, பென்சில் சீவும்போது விழும் தூசி போல, மெல்லிய நூல் துண்டுகள். மூச்சு விட்டால் பறந்துவிடும். ஒரு மாங்கொட்டைக்குள் இருக்கும் சேமிப்புச் சாப்பாட்டில் துளிகூட இதற்குள் கிடையாது. ஆனால் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் போகும், எந்த வெடிப்பிலும் நுழையும். முளைக்க வெளிச்சம் வேண்டும், அதனால் அடர்ந்த நிழலை விட வெட்டவெளிப் பாறைதான் அதற்குத் தோது.

விதை எங்கிருந்து பறந்து வருகிறது? ஹவாய்க்காரர்கள் கிபுகா என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். குழம்பு ஓடும்போது மேடான இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும், நடுவில் பழைய காடு தீவு போலத் தப்பி நிற்கும். அந்தத் தீவுதான் கிபுகா. சுற்றியுள்ள கருநிலத்துக்கு விதை நாற்றங்கால் அதுவே. ஒரு எரிமலைச் சரிவு முழுவதும் ஒரே நாளில் அழிவதில்லை. வெவ்வேறு வயதில் ஓடிய குழம்புகளும் நடுநடுவே கிபுகாக்களும் சேர்ந்து ஒட்டுப்போட்ட போர்வை போல இருக்கும். ஓஹியாவின் வாழ்க்கை முறையே அந்தப் போர்வையில் ஒரு ஒட்டிலிருந்து அடுத்த ஒட்டுக்குத் தாவுவதுதான்.

அடுத்தது இலை. புதுப் பாறையில் வரும் ஓஹியாவின் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெண்மையாகப் பஞ்சு ஒட்டியது போல ரோமம் இருக்கும். பழைய, மண் பிடித்த காட்டில் நிற்கும் ஓஹியாவின் இலை வழவழப்பு. இரண்டும் ஒரே மரவகைதான். ரோமக்கார வகை வெயிலையும் வறட்சியையும் தாங்கி முதலில் வரும், மண் சேர்ந்து நிழல் வந்ததும் வழவழப்புக்கார வகை அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். இலை தடிப்பானது, சீக்கிரம் உதிராது. உதிரும் முன் இலையில் இருக்கும் சத்தில் நல்ல பங்கை மரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த மரத்துக்கு அவரை, துவரை போலத் தழைச்சத்து பிடிக்கும் வேர்முடிச்சு எதுவும் கிடையாது. இருப்பதை வைத்துச் சிக்கனமாக ஓட்டுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் வளர்ச்சி அவ்வளவு மெதுவாக இருக்கிறது.

என்னை மிகவும் கவர்ந்த குணம் இன்னொன்று. எரிமலை குழம்பைக் கக்காத நாளிலும் புகையை விடும். அதில் கந்தக டை ஆக்சைடு இருக்கும். இலையின் அடியிலுள்ள துளைகள் வழியாக அது உள்ளே போய், இலையின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, திசுவைக் கருக்கிவிடும். ஓஹியா என்ன செய்கிறது என்றால், புகை அடர்ந்து வரும்போது இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. நாம் மூக்கைப் பிடித்துக்கொள்வது போல. காற்று திரும்பிப் புகை விலகியதும் திறந்துகொள்கிறது. துளையை மூடினால் ஒளிச்சேர்க்கையும் நிற்கும், அந்த நஷ்டத்தை அது ஏற்றுக்கொள்கிறது. 2008 முதல் 2018 வரை கிலாவேயாவின் உச்சிப் பள்ளம் விடாமல் புகைந்தபோது, காற்று போகும் திசையில் இருந்த பண்ணைகளில் பயிர்கள் கருகின. ஓஹியா நின்றது.

1959இல் இன்னொன்றும் தெரியவந்தது. அந்தப் பீச்சலில் பறந்த எரிமலைக்கல் துகள்கள் பக்கத்துக் காட்டில் மழையாகக் கொட்டி, கிளைகளை முறித்து, மரங்களைப் பாதி உடல் வரை புதைத்தன. அந்த இடத்துக்கு அழிவுப் பாதை என்றே பெயர். எல்லாம் செத்தது என்று நினைத்த மரங்களில் பல மறுபடி துளிர்த்தன. புதைந்த தண்டிலிருந்தே புது வேர் விட்டன. ஆலமரம் விழுது விடுவது நமக்குப் பழக்கம், ஓஹியாவும் தண்டிலிருந்து வேர் விடக்கூடியது. மண் மட்டம் திடீரென்று இரண்டு மீட்டர் உயர்ந்தாலும் அந்தப் புது மட்டத்தில் புது வேரோடு வாழ்க்கையைத் தொடர முடிகிறது.

இவ்வளவு நெருக்கமாக இந்த மரத்தோடு வாழ்ந்தவர்கள் அதற்கு ஒரு கதை சொல்லாமல் இருப்பார்களா? எரிமலைத் தெய்வம் பெலே, ஓஹியா என்ற இளைஞன் மேல் ஆசைப்பட்டாள். அவன் மனம் லெஹுவா என்ற பெண்ணிடம் இருந்தது. கோபத்தில் பெலே அவனை முறுக்கிய மரமாக்கினாள். மற்ற தெய்வங்கள் இரங்கி லெஹுவாவை அந்த மரத்தின் பூவாக்கின. பூவைப் பறித்தால் பிரிந்தவர்கள் அழுவார்கள், மழை வரும் என்று இன்றும் சொல்வார்கள். பாறையிலேயே வளரும் ஓஹெலோ என்ற குறும்புதரின் சிவப்புப் பழத்தையும் முதலில் பெலேவுக்குப் படைத்துவிட்டுத்தான் தின்பார்கள். 1824இல் கபியோலானி என்ற தலைவி, கிறிஸ்தவத்துக்கு மாறிய பிறகு, எரிமலை விளிம்பில் நின்று படைக்காமலே அந்தப் பழத்தைத் தின்று காட்டியது ஹவாய் வரலாற்றில் ஒரு பெரிய சம்பவம்.

சரி, காடு வர எவ்வளவு காலம் ஆகும்? இரண்டாவது கேள்விக்குப் பதில் மழையில் இருக்கிறது. பெரிய தீவின் கிழக்கே ஹீலோ பக்கம் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கே ஒன்றரை, இரண்டு நூற்றாண்டில் பாறை மேல் உருப்படியான காடு எழுந்துவிடும். மலைக்கு மறுபக்கம் மழை மறைவு. அங்கே பல நூற்றாண்டு முன் ஓடிய குழம்பு நேற்று ஆறியது போலவே மொட்டையாகக் கிடக்கும். ஒரே எரிமலை, ஒரே பாறை, ஆனால் மழை வேறு.

இன்னும் மேலே, மேகத்துக்கு மேலே போனால் கதையே மாறும். ஹவாயிலேயே மவுயி என்ற இன்னொரு தீவின் ஹலேயாகலா 3,055 மீட்டர் உயர எரிமலை. அதன் உச்சிப் பள்ளம் முழுக்கச் செம்மண் நிறத்திலும் கருப்பிலும் எரிமலைக்கல் துகள்கள், கால் வைத்தால் புதையும். பகலில் வெயில் சுடும், இரவில் உறைபனி. அந்தத் துகள் மேட்டில் வெள்ளியில் செய்து வைத்தது போல உருண்டையாக ஒரு செடி உட்கார்ந்திருக்கும். ஆஹினாஹினா என்பது ஹவாய்ப் பெயர், வெள்ளிவாள் என்று நாம் சொல்லலாம். சூரியகாந்திக் குடும்பம். ஒவ்வொரு இலையும் குறுகிய கத்தி போல, மேலெல்லாம் பட்டு ரோமம். அந்த ரோமம்தான் வெள்ளி மினுமினுப்பைத் தருகிறது, வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. இலைக்குள்ளே கற்றாழைச் சோறு போலப் பசை இருக்கிறது, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள. இலைகள் உள்நோக்கி வளைந்து கிண்ணம் போல நிற்பதால் வெயில் நடுக்குருத்தில் குவிந்து, சுற்றியுள்ள குளிர்க்காற்றை விடக் குருத்து நன்றாகச் சூடாக இருக்கிறது.

இருபது வருஷம், ஐம்பது வருஷம், சில செடிகள் தொண்ணூறு வருஷம் வரை இப்படியே உட்கார்ந்திருக்கும். பிறகு ஒரு கோடையில் நடுவிலிருந்து ஆள் உயரத்துக்குத் தண்டு எழும். அதில் நூற்றுக்கணக்கான பூக்கள். விதை முற்றியதும் செடி செத்துவிடும். நம் ஊர்க் கற்றாழையில் ரயில் கற்றாழை இப்படித்தான் ஒரே முறை பூத்து மடியும். வெள்ளிவாளுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: தன் மகரந்தம் தனக்கு உதவாது, பக்கத்தில் இன்னொரு செடி அதே சமயம் பூத்திருக்க வேண்டும். அதனால்தான் எண்ணிக்கை குறைந்தால் ஆபத்து இரட்டிப்பாகிறது. 1900களின் ஆரம்பத்தில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் ஞாபகத்துக்காகப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பிடுங்கிச் சரிவில் உருட்டி விளையாடியதும் உண்டு. ஆடுகள் மேய்ந்தது போதாதென்று இது வேறு. அழியும் நிலைக்குப் போய், பாதுகாப்புக்குப் பிறகு பல்லாயிரமாகப் பெருகியது. இப்போது மழையும் மேகமும் குறைந்த வருஷங்களில் மறுபடி செத்துக்கொண்டிருக்கிறது. அங்கே போகிறவர்கள் செடியைத் தொடாமல் இருந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் நடக்கவும் கூடாது. வேர் துகள்களுக்குள் மேலாகவே பரவியிருக்கும், ஒரு காலடியில் நசுங்கிவிடும்.

ஹவாயை விட்டு வெளியே வந்தால் பட்டினிக்கு வேறொரு தீர்வும் தெரியும்: தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்வது. அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் 1980 மே 18 அன்று வெடித்து, பக்கத்துச் சமவெளியைச் சாம்பலும் நுரைக்கல்லுமாக மூடியது. ஒன்றிரண்டு வருஷத்தில் அங்கே தலைகாட்டிய செடி லூபின், நம் கொழிஞ்சி, சணப்பு போன்ற அவரைக் குடும்பம். வேர்முடிச்சில் பாக்டீரியா, அதனால் வெற்றுச் சாம்பலிலும் பசி இல்லை. செத்த லூபின் அடுத்த செடிக்குப் பசுந்தாள் உரம்.

இன்னும் நமக்கு நெருக்கமான உதாரணம் இந்தோனேசியாவின் கிரகடோவா. 1883 ஆகஸ்டில் வெடித்துத் தீவே சாம்பலில் புதைந்தது. அடுத்த மே மாதம் போனவர்கள் கண்டது ஒரு குட்டிச் சிலந்தியை மட்டும். 1886இல் போன தாவரவியலாளர் டிரோய்ப், சாம்பல் மேல் நீலப்பச்சைப் பாசி ஆடை போல் படர்ந்திருப்பதையும் அதன் மேல் பெரணிகள் வந்திருப்பதையும் பார்த்தார். பிறகு 1927இல் அதே கடலுக்குள்ளிருந்து அனக் கிரகடோவா, அதாவது கிரகடோவாவின் குழந்தை, எழுந்தது. அதன் கருமணல் கரையில் காலூன்றியவை எவை தெரியுமா? அடும்புக்கொடி, நாணல், சவுக்கு. நம் கடற்கரையில் தினம் பார்க்கும் அதே மூன்று. அடும்பின் விதை கடலில் மிதந்து போகும், நாணலின் பஞ்சு விதை காற்றில் போகும். சவுக்கின் வேரில் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா முடிச்சு கட்டித் தழைச்சத்து பிடிக்கும். கடலூர்ப் பக்கம் வெறும் மணலில் சவுக்கு மளமளவென்று வளர்வதற்கும் எரிமலைக் கரையில் அது நிற்பதற்கும் காரணம் இந்த ஒன்றே.

அதே ஃபிராங்கியா ஹவாயில் பெரிய தலைவலியாகிவிட்டது. 1800களின் கடைசியில் போர்ச்சுகீசியர்கள் தங்கள் எரிமலைத் தீவுகளிலிருந்து ஃபாயா என்ற மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். அதன் வேரிலும் ஃபிராங்கியா. ஓஹியா சிக்கனமாக வாழும் இளம் பாறைக்குள் ஃபாயா புகுந்தது, பறவைகள் பழத்தைத் தின்று பரப்பின. பீட்டர் விட்டோசெக் என்ற ஆய்வாளர் அளந்து பார்த்தபோது, ஃபாயா நிற்கும் இடத்தில் நிலத்துக்கு வரும் தழைச்சத்து சுமார் நாலு மடங்காகியிருந்தது. உரம் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஓஹியாவின் பலமே யாரும் வாழ முடியாத இடத்தில் வாழ்வதுதான். நிலம் கொழுத்ததும் வேகமாக வளரும் வெளியூர்ச் செடிகள் உள்ளே வந்து அதை நெருக்கிவிடுகின்றன.

விட்டோசெக்கும் கூட்டாளிகளும் செய்த இன்னொரு வேலையைச் சொல்லாமல் விட மனம் இல்லை. ஹவாய்த் தீவுகள் வரிசையாக வயதானவை. பெரிய தீவு இளையது, வடமேற்கே காவாய் மூத்தது. 300 வருஷப் பாறை முதல் 41 லட்சம் வருஷப் பாறை வரை எல்லாவற்றிலும் ஓஹியா இருக்கிறது. ஒவ்வொரு வயதிலும் உரம் போட்டுப் பார்த்தார்கள். இளம் பாறையில் தழைச்சத்து போட்டால் மரம் வளர்ந்தது. காவாயில் தழைச்சத்து போட்டு அசையவில்லை, மணிச்சத்து போட்டபோதுதான் வளர்ந்தது. பாறையிலிருந்த மணிச்சத்தை லட்சக்கணக்கான வருஷ மழை கழுவிவிட்டது. மிச்சம் வரும் மணிச்சத்தில் பெரும்பங்கு மத்திய ஆசியப் பாலைவனத்துத் தூசி, பசிபிக்கைத் தாண்டிக் காற்றில் வந்து விழுவது. ஆக எரிமலை நிலம் வளமாக இருப்பது நடுவயதில்தான். பிறந்தபோதும் ஏழை, கிழமானபோதும் ஏழை.

ஓஹியாவுக்கு இப்போது ஃபாயாவை விடப் பெரிய ஆபத்து ஒரு பூஞ்சைநோய். 2014இல் அடையாளம் கண்டார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் செத்துவிட்டன. பட்டையில் காயம் பட்ட இடத்தில் பூஞ்சை நுழைந்து தண்ணீர் போகும் குழாயை அடைக்கும், சில வாரத்தில் முழு மரமும் பழுப்பாகும். அந்தக் காடுகளின் நடைபாதை வாசலில் தூரிகையும் ஆல்கஹாலும் வைத்திருப்பார்கள், செருப்பின் அடியைத் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். போகிற வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால் தயவுசெய்து அதைத் தவிர்க்காதீர்கள், திரும்பி வரும்போதும் செய்யுங்கள். எரிமலையைத் தாங்கிய மரம் நம் செருப்பு மண்ணில் சாகக் கூடாது.

கடைசியாகத் தொட்டிக் கேள்வி. எரிமலைக் கல் வாங்குவதில் தவறில்லை. ஓட்டை ஓட்டையாக இருப்பதால் தண்ணீர் வடியும், வேருக்குக் காற்று கிடைக்கும், கொஞ்சம் ஈரமும் பிடித்து வைக்கும். கற்றாழை, ஆர்க்கிட் தொட்டிகளுக்கு நன்றாக உதவும். ஆனால் உரச் செலவு மிச்சமாகாது. மேலே சொன்னதுதான் காரணம்: அதில் தழைச்சத்து கிடையாது, மற்ற சத்துகள் அது கரைந்து உங்கள் செடிக்கு வந்து சேர உங்கள் ஆயுசு போதாது. தொட்டியில் கால் பங்கு அந்தக் கல், மீதிக்கு மண்ணும் நன்றாக மக்கிய எருவும் கலந்து போடுங்கள். கத்தரி, தக்காளி வைக்கிறீர்கள் என்றால் கல்லே வேண்டாம், அந்தக் காசுக்கு இன்னொரு மூட்டை மண்புழு உரம் வாங்குங்கள்.